கிட்டார் பொருத்தனை

போனில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கப் பேசுகிற மனுஷன், ஒருநாள் திடீரென்று எழுந்து புறவாசலுக்குப் போய், முருங்கை மரத்து மூட்டில் நின்றுகொண்டு குசுகுசுவென்று பேசினால் வீட்டுக்காரி என்ன நினைப்பாள்? சாரம்மாளும் அதைத்தான் நினைத்தாள். எழுபது வயசில் இதென்ன கூத்து என்றும் கூடவே நினைத்தாள்.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. அந்தத் தூறலில் தலைக்கு ஒரு துண்டுகூடப் போடாமல் நின்று பேசுகிறார் என்றால் அந்தப் பக்கம் இருப்பது யாராம்? அடுப்பில் உளுந்தஞ்சோறு வெந்துகொண்டிருந்தது. எள்ளுத் துவையலுக்கு வறுத்ததை அம்மியில் அப்படியே போட்டுவிட்டு சாரம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். "இல்லம்மா", "வேண்டாம்மா", "இப்ப முடியாதும்மா" என்பது மட்டும்தான் கேட்டது. அம்மாவாம் அம்மா. பொம்பிளைதான், சந்தேகமில்லை.

உள்ளே வந்தவரிடம் போனில் யாரென்று கேட்டாள். பேங்கிலிருந்து லோன் வேண்டுமா என்று கேட்கிறார்கள் என்றார் அருமைநாயகம். சொல்லிக்கொண்டே மூக்கு நுனியைத் தொட்டார். சாரம்மாள் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்துவிட்டு நோட்டைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லுகிற பிள்ளைகளை எத்தனை பார்த்திருப்பாள். பொய் சொல்லுகிற பிள்ளையின் கை முதலில் மூக்குக்குத்தான் போகும். லோன் வேண்டாம் என்று சொல்ல எவனாவது மழையில் நனைவானா? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான் இது.

அதற்குப் பிறகு போன் அவர் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. குளிக்கப் போனாலும் கூடவே போனது. தாலுகா ஆபீஸ் கிளார்க்காக இருந்த காலத்தில்கூட ஒளிவுமறைவு என்று எதுவும் வைத்துக்கொள்ளாதவர். சபையில் கமிட்டி மெம்பர். ஊரில் நாலு பேர் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லுகிற ஆள். சாரம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராத்திரி அவர் தூங்கின பிறகு அந்தப் போனை எடுத்துப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது.

அவள் எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சனிக்கிழமை காலையில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தோளில் பெரிய கேமராப் பையோடு ஒரு பெண் இறங்கினாள். முப்பது வயசு இருக்கும். பத்மப்ரியா என்று பெயரைச் சொல்லி, அங்கிள் போனில் பிடியே கொடுக்க மாட்டேன் என்கிறார், அதனால்தான் நேரில் வந்துவிட்டேன் என்று சிரித்தாள். அருமைநாயகம் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாரம்மாள் அந்தப் பெண்ணுக்குக் காப்பி கொடுத்தாள். கொடுக்கும்போது மூக்கைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள். யாருடைய சாயல் இது? மனசு கண்டதையும் நினைக்கத்தான் செய்யும். பெற்ற தாயால்கூட அதற்கு அணை போட முடியாது. அப்போது அந்தப் பெண் எழுந்து நேராகச் சுவரில் மாட்டியிருந்த போட்டோவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இதோ, இதுதான் எங்க அப்பா," என்றாள்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மதகுக்கு முன்னால் நாலு வாலிபப் பையன்கள் கறுப்புக் கோட்டுப் போட்டு நிற்கிற போட்டோ அது. நடுவில் மைக்கைப் பிடித்தபடி சுந்தர்ராமன். அவனுடைய மூக்கும் இவளுடைய மூக்கும் ஒரே அச்சு. ஒரு ஓரத்தில் டிரம்ஸ் குச்சிகளோடு நேசையா. இன்னொரு பையன் பேண்டு தொடங்கின இரண்டாம் வருஷமே செத்துப்போனான். இந்தக் கடைசியில் கிட்டாரைத் தழுவிக்கொண்டு, காற்றில் முடி பறக்க, அருமைநாயகம். தி அனிகட்ஸ் என்பது அந்த பேண்டின் பெயர். இங்கிலீஷில் அனிகட் என்றால் அணைக்கட்டு; அதற்குப் பக்கத்தில் உருவானதால் அந்தப் பெயர். எழுபதுகளின் கடைசியில் திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் வரைக்கும் கிறிஸ்துமஸ் என்றால், கல்லூரி விழா என்றால், இங்கிலீஷ் பாட்டுக்கு அவர்கள்தான்.

சாரம்மாளுக்கு அப்பாடா என்று இருந்தது. பெரிய கல் இறங்கின மாதிரி மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள்ளேயே அடுத்த சந்தேகம் வந்து உட்கார்ந்துவிட்டது. இவ்வளவுதான் விஷயமென்றால் இந்த மனுஷன் எதற்காக ஒளிந்தார்?

அந்தப் பெண் சொன்னதெல்லாம் சந்தோஷமான சமாச்சாரம்தான். சுந்தர்ராமன் போன வருஷம் சென்னையில் காலமாகிவிட்டாராம். இவள் போட்டோ எடுக்கிறவள். தென்மாவட்டத்துப் பழைய பேண்டுகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப் போகிறாள். விக்கிரமசிங்கபுரத்தில் அனிகட்ஸ் வழக்கமாகக் கச்சேரி செய்த ஜூபிலி ஹாலைப் பொங்கல் கழிந்ததும் இடிக்கப் போகிறார்கள். அதற்குள் மிஞ்சியிருக்கிற இரண்டு பேரையும் அங்கே நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். முடிந்தால் அங்கிள் ஒரு பாட்டுக்காவது கிட்டார் வாசிக்க, அதை வீடியோ எடுக்க வேண்டும். நேசையா அங்கிளிடம் போனில் பேசினாளாம். மில் சத்தத்தில் பாதிக் காது, டிரம்ஸில் மீதிக் காது என்று போனவர், எதைக் கேட்டாலும் வா, வா என்று மட்டும்தான் சொன்னாராம்.

அருமைநாயகம் பேப்பரை இறக்கினார். "அதான் சொன்னேன்லாம்மா. நான் ஆண்டவருக்குப் பொருத்தனை பண்ணினவன். கிட்டாரத் தொடக்கூடாது," என்றார்.

அது உண்மை. அந்தப் பொருத்தனையைப் பற்றித் தெரியாதவர்கள் சபையில் கிடையாது.

சாரம்மாளின் அப்பா உபதேசியார், சபை ஊழியக்காரர். பதினாலு வயசிலிருந்தே சபைக் கோயிலில் ஆர்கன் வாசித்தவள் அவள். மாப்பிள்ளை போட்டோ என்று அருமைநாயகத்தின் அத்தைக்காரி கொண்டுவந்தது இந்த பேண்டு போட்டோவைத்தான். பையனுக்கு வேறு நல்ல போட்டோ இல்லையாம். கூத்தாடிப் பயலா என்று உபதேசியார் முகத்தைத் திருப்பினார். சாரம்மாள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று அந்தக் கிட்டாரைப் பார்த்தாள், அதைப் பிடித்திருக்கிற விரல்களைப் பார்த்தாள். ஆர்கன் வாசிக்கிறவளுக்குக் கிட்டார் வாசிக்கிறவன். கட்டினால் இவனைத்தான் என்று ஒரே பிடியாக நின்று கட்டிக்கொண்டாள்.

கல்யாணமாகி வந்தால் வீட்டில் கிட்டார் இல்லை. எஸ்றா என்கிற கூட்டாளி அதைக் கொண்டு மஸ்கட் போய்விட்டான் என்றார் அருமைநாயகம். பேண்டும் கலைந்துவிட்டதாம். பாவம், கையை ஒடித்துப் போட்ட மாதிரி இருக்குமே இவருக்கு என்று சாரம்மாள் உருகினாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மதுரைக்கு ஆள் அனுப்பி, ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் புதுக் கிட்டார் ஒன்றை வரவழைத்துவிட்டாள். அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தாள். அது வந்து இறங்கின வாரம் பிள்ளை பெர்சிஸுக்குக் காய்ச்சல் கண்டது. மூளைக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, அருமைநாயகம் முழங்கால் போட்டு, "என் பிள்ளையத் தந்திரும் ஆண்டவரே, இனி ஆயுசுக்கும் கிட்டாரத் தொடமாட்டேன்" என்று கதறினார். பிள்ளை பிழைத்தது. உறை பிரிக்காத கிட்டார் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகப் போய், பூசணிக்காய்க்கும் வெள்ளாட்டுக் கிடாய்க்கும் நடுவில் ஏலத்தில் போயிற்று.

அன்றைக்கு ராத்திரி சாரம்மாளும் முழங்காலில் நின்றாள். அவரே அவ்வளவு பெரிசை விட்டுவிட்டாரே, நான் மட்டும் ஞாயிறுதோறும் அவர் கண்முன்னால் உட்கார்ந்து வாசிப்பதா? அவளும் ஆர்கனைத் தொடமாட்டேன் என்று பொருத்தனை செய்துகொண்டாள். சபைப் போதகரான ஐயர் தடுத்துப் பார்த்தார், பாடகர் குழு மொத்தமும் கெஞ்சிப் பார்த்தது. அவள் எழுந்த பெஞ்சில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். சுருதி விட்டு சுருதி வாசித்தாள். சாரம்மாள் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கீர்த்தனை வேளையில் அவளுடைய விரல்கள் சேலை மடியில் தானாக அசையும். அதைப் பாட்டுப் புத்தகத்தால் மூடிக்கொள்வாள்.

வருஷாவருஷம் பெர்சிஸ் பிறந்தநாளை ஒட்டின ஞாயிற்றுக்கிழமை அருமைநாயகம் சபையில் எழுந்து அந்தப் பொருத்தனையைச் சாட்சியாகச் சொல்லுவார். பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். அவர் கோபப்பட்டுத் தட்டை எறிந்தபோதும், நாசரேத் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை வேலை வந்தும் போகக்கூடாது என்று சொன்னபோதும், சாரம்மாள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: கிட்டாரையே விட்ட மனுஷன். அந்த ஒரு வார்த்தையில் நாற்பது வருஷத்து வழக்கெல்லாம் தள்ளுபடியாகியிருந்தது.

பத்மப்ரியா பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்தாள். ஏரலில் ஹபீப் முகம்மது என்கிற போட்டோக்காரர் அனிகட்ஸ் படங்களின் நெகடிவை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தாராம். ஜூபிலி ஹாலில் கச்சேரி. மேடை, வண்ணக் காகிதத் தோரணம், கூட்டம். கிட்டார் வாசிக்கிறவன் குனிந்து, முகமெல்லாம் முடி விழுந்து கிடக்கிறான்.

"இது நீங்கதானே அங்கிள்?"

"நாந்தான்," என்றார் அருமைநாயகம். கை மூக்குக்குப் போனது.

சாரம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தாள். அடுத்த படத்தையும் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். எல்லாப் படத்திலும் அந்தப் பையன் இடது கையால் கம்பியை மீட்டிக்கொண்டிருந்தான். படம் திரும்பி விழுந்திருக்குமோ என்றால், பின்னால் பேனரில் இருந்த எழுத்து நேராகத்தான் இருந்தது.

அந்தப் பெண் போன பிறகு மத்தியானம் சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். தண்ணீர்ச் செம்பை வேண்டுமென்றே அவருடைய இடது பக்கம் வைத்தாள். அருமைநாயகம் எச்சில் கையான வலது கையைத் துடைத்துக்கொண்டு, உடம்பை முறுக்கி, அந்தக் கையாலேயே செம்பை எடுத்தார். சாயங்காலம் ஒரு எலுமிச்சம்பழத்தை ஏங்க பிடிங்க என்று எறிந்தாள். வலது கையால் பிடித்தார். நாற்பது வருஷம் சோறு போட்டவளுக்கு இதற்குப் பரீட்சை வேறு வேண்டுமா? ஆனாலும் கணக்கு டீச்சர் அல்லவா, விடையைச் சரிபார்க்காமல் விட மனசு வரவில்லை.

திங்கட்கிழமை மதினியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏரலுக்குப் பஸ் ஏறினாள். ஸ்ரீவைகுண்டம் தாண்டும்போது ஆறு கலங்கலாக இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டோரம் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு ஆட்கள் வாழைத்தார்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அணைக்கட்டு மதகு தெரிந்தது. அந்தப் போட்டோவில் இருக்கிற அதே மதகு. சாரம்மாள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஹபீப் முகம்மதுவின் ஸ்டூடியோ இப்போது செல்போன் கடை. மகன் நடத்துகிறான். பாய் உள்ளறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். கண் மங்கிவிட்டது, பேச்சு மங்கவில்லை. பாளையங்கோட்டை டீச்சர் என்று மட்டும் சொல்லிக்கொண்டு, கண்காட்சிக்கு உதவி செய்கிறதாக ஒரு பாவனையோடு, அந்த அணைக்கட்டுப் போட்டோவைப் பற்றிக் கேட்டாள். இந்த வயசில் தானும் பொய் சொல்ல வேண்டியதாயிற்றே என்று அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பாய் வாய்விட்டுச் சிரித்தார்.

"அது பெரிய கூத்துலா டீச்சர். கிட்டார் வாசிக்கது எஸ்றா. பீச்சாங்கைக்காரன், ஆனா வாசிப்பு வாசிப்புதான். அன்னைக்கு அவன் வரல்ல. லெந்து நாளு. ஆண்டவரு பாடுபட்ட நாள்ல ஒனக்குக் கோட்டும் போட்டோவுமான்னு அவன் அம்மக்காரி அறைக்குள்ள போட்டுப் பூட்டிட்டா. கிட்டாரு வந்திருச்சி, ஆளக் காணும். வெயில் போயிட்டு இருக்கு. ஸ்பீக்கர் பெட்டிய சைக்கிள்ல வச்சிக் கொண்டாற பையன் ஒருத்தன் நின்னான். நல்லா ஒசரமா, செவப்பா இருப்பான். ஏலே இங்கன வா, இதப் பிடின்னேன். பச்சப்பிள்ளைய ஏந்துத மாதிரி ஏந்துதான். நாந்தான் விரல எடுத்து எடுத்து வச்சேன்."

"அவிய கிட்டார் வாசிக்கவே மாட்டாவளா?"

"ஒரு கம்பி தட்டத் தெரியாது. ஆனா படத்துல அவந்தான் ராஜா. அப்புறம் அதே போட்டோவக் காட்டித்தான் கல்யாணம் முடிச்சான்னு கேள்விப்பட்டேன். யாரு டீச்சர், ஒங்களுக்குச் சொந்தமா?"

"தெரிஞ்சவிய," என்றாள் சாரம்மாள்.

டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று மகன் சொன்னான். வேண்டாமென்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். மதினி வீட்டுக்குப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, வாழையிலைக் கட்டுகளுக்கு நடுவில், வாய்விட்டு அழாமல் இருக்க முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

கிட்டார் வாசிக்கிறதாகப் பொய் சொல்லி ஒருவன் கல்யாணம் செய்தால் செய்துவிட்டுப் போகிறான். அந்த வயசில் எல்லாப் பயல்களும் ஏதாவது ஒரு பொய்யைக் கோட்டாகப் போட்டுக்கொண்டு வந்தவர்கள்தான். அதை அவள் சிரித்தே மறந்துவிடுவாள். அவளைப் பிடித்து உலுக்கியது வேறு. புதுக் கிட்டார் வீட்டுக்குள் வந்து, வாசியுங்கள் என்று பெண்டாட்டி எதிரில் உட்காரப் போகிற நேரத்தில் அல்லவா அந்தப் பொருத்தனை வந்திருக்கிறது? பிள்ளையின் காய்ச்சலைச் சாக்காக வைத்துத் தப்பித்தானா இந்த மனுஷன்? இல்லாத ஒன்றை அவன் ஆண்டவருக்குக் கொடுத்தான். அதைப் பார்த்து இருந்த ஒன்றை நான் கொடுத்தேன். இருந்த ஒரே ஒன்றைக் கொடுத்தேனே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. மதினி எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டதற்கு நல்லா இருக்கிறாள் என்றாள். இரண்டு பொய்க்காரர்கள் ஒரே வீட்டில் அடுப்பு மூட்டிச் சாப்பிட்டார்கள்.

இதற்கிடையில் சார்ஜாவிலிருந்து பெர்சிஸ் போன் செய்தாள். பத்மப்ரியா அவளிடமும் பேசியிருக்கிறாள். பெர்சிஸ் போனிலேயே அழுதாள். எனக்காக விட்டதை அப்பா ஒரு நாளாவது திரும்ப எடுக்கட்டும், ஐயரிடம் சொல்லி ஜெபித்துக்கொள்ளலாம், ஆண்டவர் கோபிக்க மாட்டார், நான் அந்த வீடியோவைப் பார்க்கணும் என்றாள். சின்ன வயசிலிருந்து அந்தப் பிள்ளை தன் உயிருக்கு விலையாக ஒரு கிட்டார் போயிருக்கிறது என்று நம்பி வளர்ந்தவள். அப்பாவுக்கு ஒன்றென்றால் சார்ஜாவிலிருந்து துடிப்பவள். சாரம்மாள் சரிம்மா, சரிம்மா என்று மட்டும் சொன்னாள். சொன்னால் இந்தப் பிள்ளையின் அப்பன் செத்தான். சொல்லாவிட்டால் நான் நாற்பது வருஷமாகச் செத்தது செத்ததுதான்.

படம் எடுக்கிற நாள் விடியும்போது, மகளுக்காக வந்து நிற்கிறேன் என்று மட்டும் ஒத்துக்கொண்டிருந்த அருமைநாயகத்துக்குத் தலைசுற்றல். கழுத்து வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"எந்திரிங்க. போவோம்," என்றாள் சாரம்மாள்.

"ஒடம்புக்கு முடியல சாரா."

"எனக்கும் முடியலதான். போவோம்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அதில் என்ன படித்தாரோ, எழுந்து சட்டையை மாட்டினார். அன்றைக்கு அவர் மனசில் இருந்தது அவளுக்குத் தெரியாது. அவள் மனசில் இருந்தது அவளுக்கே தெரியாது. அங்கே எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடப் போகிறோமோ என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

விக்கிரமசிங்கபுரத்தில் மலைமேல் மேகம் இறங்கிக் கிடந்தது. மில்லில் ஷிப்டு முடிந்தவர்கள் சைக்கிளில் குடை பிடித்துக்கொண்டு போனார்கள். ஜூபிலி ஹாலின் ஓடு பாதி சரிந்துவிட்டது. உள்ளே வௌவால் நாற்றம். மேடைப் பலகை மட்டும் கெட்டியாக இருந்தது. ஓரத்தில் ஒரு பழைய கால்மிதி ஆர்கன் துணி போட்டு மூடியிருந்தது. ஞாயிற்றுப் பள்ளிக்காரர்கள் அதை இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். சாரம்மாள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி நின்றாள்.

நேசையா முன்னாலேயே வந்து காத்திருந்தார். மில் வேலையில் தேய்ந்து ஒல்லியாகிப்போன மனுஷன். அருமைநாயகத்தைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டு, தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசினார். வே அருமை, தலைமுடியெல்லாம் எங்கவே போச்சு என்றார். சுந்தர்ராமனை நினைத்துக் கண்ணைத் துடைத்தார். எஸ்றாவும் மஸ்கட்டிலேயே மண்ணுக்குள் போய்விட்டான் என்றார். அருமைநாயகம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்மப்ரியா விளக்கு நிறுத்தி, குடை விரித்து, இரண்டு பேரையும் மேடையில் நிற்க வைத்தாள். நேசையாவுக்கு வாடகைக்கு எடுத்த டிரம்ஸ் வந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு பெட்டியைத் திறந்து சிவப்புக் கிட்டார் ஒன்றை எடுத்து அருமைநாயகத்திடம் நீட்டினாள்.

"பெர்சிஸ் அக்கா ரொம்பக் கேட்டுக்கிட்டாங்க அங்கிள். ஒரே ஒரு பாட்டு."

அருமைநாயகத்தின் நெற்றியில் வேர்வை. நேசையா கிட்டாரைப் பார்த்தார், கூட்டாளியைப் பார்த்தார். ஒன்றும் புரியாத சிரிப்போடு அவருடைய பெரிய குரல் கிளம்பியது. "இவங்கிட்ட எதுக்கும்மா குடுக்க? இவன் எங்க..."

"அவிய தொடமாட்டாவ," என்றாள் சாரம்மாள்.

கீழே நாற்காலியில் இருந்தவள் எப்போது எழுந்தாள், எப்போது மேடை ஏறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நேசையாவின் காதுக்குக் கிட்டே போய், பின்வரிசைப் பிள்ளைக்கும் கேட்கிற வகுப்பறைக் குரலில் சொன்னாள்.

"பிள்ளைக்காகப் பொருத்தனை பண்ணினது. அதக் கேக்கக் கூடாது அண்ணாச்சி."

நேசையாவுக்கு வாய் திறந்தபடியே இருந்தது. காது போனவர்களுக்குக் கண் கூர்மை. டீச்சரின் கண்ணைப் பார்த்தார், கூட்டாளியின் வேர்வையைப் பார்த்தார். பைய வாயை மூடிக்கொண்டு டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அருமைநாயகத்துக்கு உயிர் திரும்பி வந்தது. நன்றியோடு பெண்டாட்டியைப் பார்த்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. நேராக ஆர்கனுக்குப் போனாள். துணியை இழுத்துக் கீழே போட்டாள். ஸ்டூலை முந்தானையால் துடைத்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மிதியில் வைத்தாள். துருத்தி இருமிக்கொண்டு காற்றை வாங்கியது.

அவள் எடுத்தது ஞாயிற்றுப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் படிக்கிற பாட்டு. அதைக்கூட அவளால் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. இரண்டு கட்டைகள் ஊமை. மோதிர விரல் முடக்குவாதத்தில் மடங்கவே இல்லை. முதல் அடியில் தப்பினாள், திரும்ப ஆரம்பித்தாள், மறுபடியும் அதே இடத்தில் தப்பினாள். ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு நாலு சுருதியும் சேர்த்து வாசித்தவள். கண்ணீர் கட்டைமேல் விழுந்தது, துடைக்காமல் வாசித்தாள். நேசையாவுக்குப் பாட்டுக் கேட்டிருக்காது. பலகை வழியாக வந்த அதிர்வைப் பிடித்துக்கொண்டு பைய டிரம்ஸைத் தட்ட ஆரம்பித்தார். பத்மப்ரியா சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். ஆன்ட்டி நீங்க வாசிப்பீங்கன்னு சொல்லவே இல்லையே என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

அருமைநாயகம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், கடைசியில் தொங்கவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் சாரம்மாள் உட்கார்ந்திருந்தாள். அம்பாசமுத்திரம் தாண்டி நடவு முடிந்த வயல்கள் மழையில் நனைந்து கிடந்தன. கல்லிடைக்குறிச்சி வந்தது. அருமைநாயகம் அன்றைக்கு முருங்கை மூட்டில் பேசின அதே குசுகுசுப்பில் கேட்டார்.

"ஆர்கனத் தொட்டுட்டியே சாரா. பொருத்தனை என்னாகுது?"

"அது ஒங்க பொருத்தனைக்கு ஜோடியாப் போட்டது. அது இருந்தாத்தான இது இருக்கும்."

கண்டக்டர் விசில் அடித்தார். யாரோ கூடையோடு இறங்கினார்கள். பஸ் நகர்ந்ததும் அவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"வராந்தாவுல நான் அழுதது நெசம் சாரா. பிள்ள போயிரும்னுதான் அழுதேன். என்ன குடுக்கதுன்னு தெரியல. என்னப் பத்தி ஊருல பெருசாப் பேசுனது அது ஒண்ணுதான. அதக் குடுத்தேன்."

"அழுதது நெசந்தான். நான் இல்லன்னு சொல்லலியே."

அவளுக்கு அதில் சந்தேகம் இல்லை. அந்த ஒன்றில் மட்டும் சந்தேகம் இல்லை. அதனாலேயே நெஞ்சு கனத்தது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. ஷட்டரை இறக்கட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றாள். பிறகு, வகுப்பில் அடுத்த நாளைக்குப் பாடம் சொல்லிவிடுகிற நிதானத்தோடு சொன்னாள்.

"ஐயர்ட்ட நாளைக்குப் பேசப் போறேன். வார ஞாயித்துக்கிழமையில இருந்து ஆர்கன் நான் வாசிக்கேன். தப்புத் தப்பா வந்தாலும் வாசிப்பேன். அடுத்த மாசம் பிள்ளைக்குப் பொறந்தநாள் வருது. நீங்க எந்திரிச்சி சாட்சி சொல்லணும்லா. சொல்லுங்க. நான் ஆர்கன்ல இருப்பேன், நேர் எதுக்க. எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லுங்க."

அருமைநாயகத்தின் கை மூக்குப் பக்கம் போனது. பாதி வழியிலேயே இறங்கி மடியில் கிடந்தது.